வேகமானி நின்ற காலை

திருப்போரூரில் மளிகைக் கடை நடத்தும் குடும்பத்துப் பெண் நான். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். அன்று இரண்டாவது முறையாகத் தனியாகப் பறக்கிறேன். எரிபொருள், இறக்கை, வேகத்தை அளக்கும் குழாய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

மாமல்லபுரத்துக்கு மேலே திரும்பும்போது வேகமானியின் முள் மெல்லச் சரிந்து பூஜ்யத்தில் நின்றது. தட்டிப் பார்த்தேன்; அசையவில்லை. இறங்கும்போது வேகம் குறைந்தால் விமானம் விழும், கூடினால் ஓடுதளத்தைத் தாண்டிவிடும். கருவி இல்லாமல் இறங்கும் முறையைப் படித்திருந்தேன். ஆனால் தனியாகச் செய்ததில்லை. வானொலியில் நிலைமையைச் சொன்னேன், குரல் தடுமாறியது.

உடனே வானொலியில் முன்பின் தெரியாத ஓர் ஆண் குரல் கேட்டது.

"பயப்படாதம்மா. திருவிடந்தை மேலதான் கீறேன், வந்துகினே இருக்கேன். என்னைப் பாத்துகினு வா. என் வேகம்தான் உன் வேகம்."

சற்று நேரத்தில் என் இடது பக்கம், போதிய தூரம் விட்டு, ஒரு சிறிய வெள்ளை விமானம் வந்து சேர்ந்தது. அவர் தன் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குறைத்தபோது நானும் குறைத்தேன்.

ஓடுதளம் நேரே தெரிந்ததும், "அவ்ளோதாம்மா, இனிமே உன் கையில கீது. எறக்கு," என்றார்.

என் சக்கரங்கள் தரையைத் தொட்டன. அவர் இறங்காமல் மேலேறிப் போய்விட்டார்.

பிறகு பிரித்துப் பார்த்தபோது, கருவிப் பலகைக்குப் பின்னால் வேகமானிக்குப் போகும் குழாய் கழன்றிருந்ததாம். வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தாலும் தெரிந்திருக்காது.

அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அடுத்த வாரமே மறுபடி தனியாகப் பறந்தேன். இப்போதெல்லாம் வானொலியில் யார் குரலாவது தடுமாறினால், அந்தக் குரலுக்கு உரியவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று என் கண்கள் தேடத் தொடங்கிவிடுகின்றன.