வீட்டுப் பூசையன்று அடித்த ஹாரன்

மில் தெருவில் வீட்டுப் பூசை முறை எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீடு ஒரு மாதம் தலைகீழாகக் கிடக்கும். சுவருக்குச் சாயம், சன்னலுக்குப் புதுத் திரை, கோழிக் கூண்டுக்குக்கூட வெள்ளையடிப்பு. கில்டெரன் ஊரில் கத்தோலிக்கப் பூசைக்கே அரசாங்கத் தடை இருந்த காலத்தில் சாமியார்கள் வீடுகளில் ஒளிந்துதான் பூசை வைத்தார்கள். தடை போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் தெரு அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1987 வசந்தத்தில் முறை டீலியா ஹெஃபர்னனுக்கு வந்தது.

டீலியா மாவட்ட முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படுத்த படுக்கையானவர்களைப் புண் வராமல் புரட்டிவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "யாரையும் உள்ள வெச்சுப் பூட்டாதீங்க. வெட்கமா இருந்தா நீங்க வெளிய போங்க."

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி டின்னி அவளோடு இருந்தான். சாயம் அடிப்பது அவன் தொழில். பூசைக்கென்று அந்தத் தெருவில் அவன் அடிக்காத சுவர் கிடையாது. இப்போது அவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. பிஷப்பே வந்தாலும் கெட்ட வார்த்தை சொல்லித்தான் வரவேற்பான். நாலு பேர் முன்னால் கால்சட்டையை அவிழ்ப்பான். இல்லத்தில் இதைவிட மோசமானவர்களை டீலியா சிரித்துக்கொண்டே சமாளித்திருக்கிறாள். சொந்த வீட்டில், சொந்தத் தெருவுக்கு முன்னால், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசைக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு நோனி நாற்காலிகளைக் கடனாகக் கொண்டுவந்து இறக்கினாள்.

"டின்னிய எங்கடி உக்கார வைக்கப்போற?"

"பின் ரூம்ல தூங்குவான்."

"யாரு, அவனா? விடியறதுக்கு முன்ன என் சன்னல்ல மூஞ்சியக் காட்டுறவனாச்சே."

"மாத்திரை இருக்கு."

"அத நீ போட்டுக்க. உன் மூஞ்சியத்தான் ரெண்டு நாளாப் பாக்கச் சகிக்கல."

காலையில் டீலியா தம்பிக்கு நல்ல கோட்டை மாட்டி, கொல்லைப்புறத்தில் நின்ற காருக்குக் கூட்டிப்போனாள். அவன் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். நினைவு குழம்பியவர்களை மறுத்துப் பேசாமல் அவர்கள் உலகத்துக்குள் நுழைந்து பேச வேண்டும் என்பது அவள் படித்த பாடம். அவர்கள் கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா காலத்தில் சாமியார் ஒருவரை விறகுக் கொட்டகையில் மறைத்துச் சிப்பாய்களிடமிருந்து காப்பாற்றிய கதை டின்னிக்கு உயிர். டீலியா அதை எடுத்தாள்.

"சிப்பாய்ங்க வராங்க டின்னி. நான் வந்து சொல்ற வரைக்கும் இதுக்குள்ள சத்தம் போடாம இரு."

அவன் முகம் வெளுத்தது. உடனே ஏறிக் குனிந்துகொண்டான். அவள் கம்பளியைப் போர்த்திவிட்டுக் கதவைப் பூட்டினாள். உள்ளிருந்து அதைத் திறக்கும் விதம் அவனுக்கு மறந்து பல மாதம் ஆகியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

பூசை வைக்க ஃபாதர் டியர்னி வந்ததும் கேட்டார். "டின்னி எங்கம்மா? முதல்ல அவனப் பாத்துடுறேனே."

"இப்பத்தான் கண்ணசந்தான் சாமி."

பிறகு அவர் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். டீலியாவும் முழங்காலிட்டாள். கடைக்காரியைப் பற்றிப் புறம் பேசினேன் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் கொல்லையில் ஹாரன் அலறியது. விட்டு விட்டு, மறுபடி மறுபடி. கூடம் நிறைய ஆட்கள். ஒருவரும் திரும்பவில்லை. டீலியா எதிரே சுவரைப் பார்த்தாள். அவள் அடித்த சாயம் ஒரு மூலையில் வழிந்து காய்ந்திருந்தது. டின்னி அடித்திருந்தால் வழிந்திருக்காது. எழுந்து போ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எழவில்லை.

நோனி எழுந்தாள். அந்த நேரத்தில் யாரும் எழ மாட்டார்கள். நேராக டீலியாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

தெருவே பார்க்க டீலியா ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

நோனி கையைப் பிடித்துக் கூட்டிவந்தபோது டின்னியின் கால்சட்டை நனைந்து நாறியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. சாமியாரைப் பார்த்துப் பதறினான்.

"சாமி, இன்னுமா ஒளியல நீங்க? சிப்பாய்ங்க வராங்கன்னு அக்கா சொல்லுச்சு. என்னை மட்டும் உள்ள வெச்சுட்டு உங்கள மறந்துடுச்சு. அதான் ஹாரன் அடிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"உன் சத்தத்துல ஓடிட்டாங்கப்பா," என்றார் ஃபாதர். "வா, உக்காரு."

நற்கருணை அப்பம் வாங்கத் தெருவே எழுந்து போனது. டின்னியும் வாங்கினான். சொல்லாத பாவத்தோடு வாங்கக் கூடாதென்று டீலியா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அப்புறம் காலைச் சாப்பாடு. பன்றிக்கறி பதம் என்றார்கள், திரை அழகு என்றார்கள், டீ ஊற்றுகிறவளின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினார்கள். ஒருவராவது திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

எல்லாரும் போனபின் டீலியா வெந்நீர் வைத்துத் தம்பியைக் கழுவித் துடைத்தாள். வேலை தெரிந்த கைகள், சீக்கிரம் முடிந்துவிட்டது.

"சாமி தப்பிச்சாரா அக்கா?"

"தப்பிச்சாருடா."

"நீ பயந்துட்ட."

"ஆமா."

சாயங்காலம் நோனி சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். டீலியா வாங்கிக்கொள்ளவில்லை.

"உன்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுடி."

"அது எனக்குத் தெரியும்."

நோனி சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். டின்னி உயிரோடு இருந்த வரைக்கும் அது நோனி வீட்டு ஆணியில்தான் தொங்கியது. வண்டி எடுக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் டீலியா போய்க் கதவைத் தட்டிக் கேட்டாள். நோனி, "அவன் எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள்.