உப்பு ஏறிய தண்ணீர்

மழை வலுத்தால் ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணையில் நுரை பொங்கும். எங்கள் கம்பெனி பஸ் பாலத்தில் ஏறும்போது அது காற்றில் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். "ஆத்துக்கு எவன்டா சோப்பு போட்டது?" என்று பின் சீட்டில் யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இந்த ஆறு கடலில் சேரும் இடத்தில், கடலூரில், என் தங்கை முகத்துவாரச் சேற்றில் மட்டிச் சிப்பி அள்ளிப் பிழைக்கிறாள்.

வெள்ளம் வந்தால் முகத்துவாரத்துத் தண்ணீரில் உப்பு போய்விடும். அப்போது யாரும் இறங்கமாட்டார்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் மறுபடி கரிக்க வேண்டும். பிறகுதான் மட்டி. முதல் அள்ளலை விற்காமல் வீட்டில் ஆக்குவது அவர்கள் வழக்கம்.

போன புயலுக்குப் பிறகு போன் செய்தாள்.

"கரிக்குதுண்ணா. நாளைக்கு எறங்குறோம்."

"இங்க இன்னும் நுரையாத்தான் போவுது."

"உங்க ஊரு நுரை சாத்தனூர் டேமைத் தாண்டறதுக்குள்ள எனக்குக் கெழடு தட்டிடும்" என்று சிரித்தாள். பேச்சில் அவளை ஜெயிக்க எனக்கு எப்போதும் வராது.

மறுவாரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வாந்தி, பேதி. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது முகம் ஒட்டிப்போய்க் கிடந்தாள். நர்சம்மா குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே அவளிடம் சொன்னார்:

"வெள்ளம் ஊர்ச் சாக்கடையெல்லாம் அடிச்சிக்கிட்டு வருதும்மா. உப்பு சீக்கிரம் திரும்பிடும். கிருமி சேத்துல தங்கிடும். மட்டி அந்தத் தண்ணியத்தான இழுத்து இழுத்துக் குடிக்குது? வேகறப்ப ஓடு தெறந்ததும் அடுப்பவிட்டு எறக்கிட்டா கிருமி சாவாது."

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. "அப்ப என்னைக்குத்தான் எறங்கறது?"

"தண்ணிய டெஸ்ட் பண்றவங்கதான் சொல்லணும்."

"எங்க கரைக்கு யாரு வந்து பண்றாங்க?"

நர்சம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இந்த மழைக்கும் போன் வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆறு எப்பிடிண்ணா இருக்கு?"

"நுரைதான்."

"மத்தவங்க எறங்கிட்டாங்க. நான் விரல வச்சேன், வாயில வைக்கல. பொடவையில தொடச்சிக்கிட்டேன்."

"கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தினி நாளு?"

இங்கே நுரை அடங்கினால் அங்கே சேற்றில் கிருமி அடங்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"சரி. கரையிலயே குந்தியிருக்கேன்."

பஸ் பாலத்தில் ஏறியது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஆறு வெள்ளையாகத்தான் போய்க்கொண்டிருந்தது.