இருபதாவது மணிக்கு அடி

க்ளென் கோலார் தங்கவயலில் பிறந்தவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி ஆட்களுக்குக் கேப் வண்டிகள் அனுப்பும் வேலை. ஞாயிறுதோறும் சர்ச்சில் டிரம்ஸ். பாடுகிறவர்கள் வரியை மறந்து திணறினால் சட்டென்று ஓர் உருட்டு உருட்டி மானத்தைக் காப்பாற்றுவது அங்கே அவர் பொறுப்பு. இருபது வருடப் பழக்கம். எங்காவது கொஞ்சம் அமைதி விழுந்தால் அவர் கை சும்மா இருக்காது.

இவரைப் போய் கிடார் வாசிக்கிற ஸ்ரீஹர்ஷா தன் போஸ்ட்-ராக் ஆல்பத்துக்குப் பிடித்தான். அதில் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும். கடைசி உருப்படியில் குழுவில் இருந்த ஸ்னேஹாவின் பேஸ் கிடார் தனியாக நாலு நிமிடம் முனகும். டிரம்மர் தேமே என்று உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஸ்ரீஹர்ஷாவின் கிடாரும் டிரம்ஸும் ஒன்றாக வெடிக்க வேண்டும். ஐந்து டேக்கிலும் க்ளென் முந்திக்கொண்டார். ரெக்கார்டிங் செய்த எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

“குரு, நாளைக்கும் முன்னாடி அடிச்சீங்கன்னா மிஷின் டிரம்ஸ் போட்டுடுவேன். பேஜார் ஆகாதீங்க” என்றான் ஸ்ரீஹர்ஷா. அவன் கன்னடம் கலந்த பாஷையில் ‘குரு’ என்றால் நண்பரே, ‘பேஜார் ஆகாதீங்க’ என்றால் வருத்தப்படாதீங்க.

க்ளெனின் முகம் செத்துவிட்டது. தன் பெயர் ஓர் ஆல்பத்தில் வர வேண்டும் என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை.

அவர் மனைவி பெர்னதெத்துதான் வழி சொன்னாராம்: “மனசுக்குள்ள ஜெபமாலை சொல்லுங்க. மணிக்கு ஒரு ஜெபம், இருபது மணி உருட்டினா நாலு நிமிஷம். முடிச்சிட்டு அடிங்க.”

மறுநாள் ஆறாவது டேக். கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் விழுந்தது பாருங்கள் அடி! ஸ்டுடியோ கண்ணாடி அதிர்ந்தது. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டுக் கேட்டால், பேஸுக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு. மனசுக்குள் சொல்லச் சொன்னதை மனிதர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். தலைக்கு மேல் தொங்கிய மைக் ஒன்றுவிடாமல் பிடித்திருந்தது. போதாக்குறைக்குக் கிடாரும் டிரம்ஸும் ஒன்றாக இறங்கவில்லை.

“முன்னாடி அடிக்காதீங்கன்னா இப்ப லேட்டா வர்றீங்க!” என்று ஸ்ரீஹர்ஷா கத்தினான். க்ளென் குச்சிகளைப் பையில் போட ஆரம்பித்தார்.

டிபன் கேரியரோடு வந்திருந்த பெர்னதெத், “இன்னொரு வாட்டி போடுங்க தம்பி” என்றார் என்னிடம். முணுமுணுப்பில் வந்த ஒவ்வொரு ஜெபத்துக்கும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டார்.

“இவரு இருபதும் முடிச்சிட்டுத்தான் அடிச்சாரு. கிடார்தான் இருபதாவது முடியறதுக்குள்ளயே வந்துடுச்சு.”

ஸ்ரீஹர்ஷா குனிந்து தந்தியை முறுக்க ஆரம்பித்தான். கிடார் ஓட, டிரம்ஸ் துரத்திக்கொண்டு வந்து விழுகிற அந்த டேக்கை முணுமுணுப்போடு அப்படியே வைத்துக்கொண்டோம். ஆல்பத்திலேயே உயிருள்ள இடம் அதுதான்.

அடுத்த ஒத்திகைக்கு க்ளென் இரண்டு ஜெபமாலை கொண்டுவந்தார். ஒன்றை ஸ்ரீஹர்ஷாவின் கையில் வைத்து, “இருபது, குரு. பேஜார் ஆகாதீங்க” என்றார்.