மார்கழியில் பாய்ச்சிய தண்ணீர்

இருளாயிக்குப் பதினாலு வருஷமாக ஒரே ஆசைதான், பெர்மனெண்ட் ஆர்டர். செக்கானூரணிக்கு மேற்கே சர்க்கார் கழகம் ஒன்றின் மாந்தோப்பில் அவள் தினக்கூலி. கன்று நடக் குழி வெட்டிய நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறாள். மழை பெய்தால் கூலி இல்லை, காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. ஆர்டர் வந்துவிட்டால் அந்தப் பிழைப்பு ஒழியும்.

எழுபத்தொன்பது மார்கழியில் தல்லாகுளம் ஆபீசிலிருந்து கடுதாசி வந்தது. பெரிய அதிகாரி தோட்டங்களைப் பார்க்க வருகிறார். தேறாத தோட்டத்தை மூடிவிடுவார்கள். தேறினால் பழைய கூலியாட்கள் பத்துப் பேருக்கு வேலை நிரந்தரம்.

மேனேஜர் ராதாகிருஷ்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் அதுவரை மரத்தை ஃபைலில் மட்டுமே பார்த்தவர்.

"தோப்பு இப்படி வாடிக் கெடந்தா பாக்கறவர் என்ன நெனைப்பார்? ரெண்டு மோட்டாரையும் போடுங்க. பச்சைப் பசேல்னு இருக்கணும்."

இருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்த்திகை, மார்கழியில் மாமரத்தைக் காயப் போட வேண்டும். காய்ந்தால்தான் தையில் பூக்கும். தண்ணீர் காட்டினால் இலையாகத் தள்ளிவிட்டுப் பூக்க மறந்துவிடும். தோப்பில் இது தெரியாத ஒரே ஆள் மேனேஜர்தான்.

சொல்லத்தான் போனாள். மேஜையில் பத்துப் பேர் பட்டியல் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவரே விரல் வைத்துக் காட்டினார்.

"மூணாவது பேரு உன்னுதும்மா. ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. மடையத் தொறக்கப் போறேன்."

அவளே மண்வெட்டி எடுத்து வாய்க்காலைத் திருப்பினாள். பாவி மகள், அவளைத் திட்டி என்ன பண்ண? அந்த இடத்தில் யார்தான் வாய் திறந்திருப்பார்கள்!

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார். தளதளவென்று நின்ற தோப்பைப் பார்த்துப் "பிரமாதம்" என்றார். இளநீர் குடித்தார், போனார். தையில் ஒரு மரமும் பூக்கவில்லை. சித்திரையில் தினம் ரெண்டு லாரி ஏறும் தோப்பில் ஒரு கூடைகூட நிறையவில்லை. பச்சையை மெச்சிய அதே ஆபீஸ், விளைச்சலைப் பார்த்து ஆடியில் தோட்டத்தை மூடியது. மேனேஜர் மாற்றலாகிப் போனார். பட்டியல் எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது.

அடுத்த மார்கழிக்குள் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. தையில் பூத்தது பாருங்கள், இலையே தெரியாமல்! பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரைக்கும் வாசம் வந்தது. ஆனால் மரங்களை அதற்குள் விறகுக்கு ஏலம் விட்டாயிற்று. வெட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். இருளாயியும் போனாள், வயிறு கேட்குமா?

முதல் மரம் சாய்ந்தபோது அவள் தலையெல்லாம் பூ உதிர்ந்தது. கூட வேலை பார்த்த மலையம்மாள், "தலையத் தட்டி விடுக்கா" என்றாள்.

இருளாயி தட்டவில்லை. விழுந்த மரத்தின்மேல் கையை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி மலையம்மா. தெரிஞ்சேதான் தொறந்துவிட்டேன்."