பூட்டிய வாக்குமூலம்

கடலூரில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் சில வருடம் வேலை பார்த்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். வேலையிடத்தில் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. ஒருமுறை சாதாரண மின்னஞ்சலில் அனுப்பிய வாக்குமூலம் யார் யார் கைக்கோ போய்விட்டது. அதன் பிறகு வழக்கறிஞர் என் லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். கோப்பின் மேல் கிளிக் செய்து 'பூட்டு' என்று கொடுத்தால் போதும், வேறு யாராலும் படிக்க முடியாது. திறப்பதற்கான சாவியும் ஒரு சிறிய கோப்புதான். அது என் லேப்டாப்பிலேயே இருந்தது. கடவுச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து, முந்திரி ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். சூப்பர்வைசர் செய்ததையெல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னார். தட்டச்சு செய்து பூட்டினேன். பூட்டாத பிரதியை அழித்தேன். அந்த வாரமே லேப்டாப் படுத்துவிட்டது. சர்வீஸ் கடையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். பூட்டிய கோப்பு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. சாவி போய்விட்டது.

வழக்கறிஞர் திட்டவில்லை. "நீயே போய் மறுபடி கேட்டு எழுதிக்கிட்டு வா. நான் வர மாட்டேன்" என்றார்.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். அந்தப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப வேற யாரும் அதப் படிச்சிருக்க மாட்டாங்கள்ல?"

"யாராலயும் முடியாதுக்கா. என்னாலயே முடியல."

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். "ஒரு தடவ சொன்னதே ஜாஸ்தி. சரி, எழுதிக்கம்மா" என்றார்.

இந்த முறை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். ஸ்டோர் ரூமில் நடந்த ஒன்றைச் சொல்லவே இல்லை. எனக்கு அது வரிக்கு வரி நினைவிருந்தது.

"அக்கா, அந்த ஸ்டோர் ரூம்ல..."

"அது வேணாம். வுட்டுடும்மா."

விட்டுவிட்டேன்.

படித்துப் பார்த்த வழக்கறிஞர், "இதுல இன்னும் ஏதோ இருந்துதுன்னு சொன்னியே?" என்றார்.

"அவுங்க வேணாம்னுட்டாங்க மேடம்."

அவர் அதை அப்படியே புகாரோடு சேர்த்தார்.

ஆலையில் நடந்த விசாரணைக்குப் பிறகு சூப்பர்வைசரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். விட்டுப்போனதும் சேர்ந்திருந்தால் அவன் வேலையே போயிருக்கும் என்றார் வழக்கறிஞர். இருக்கலாம். போனில் தகவல் சொன்னபோது அந்தப் பெண், "அங்கயும் பொம்பளைங்கதான வேல செய்யறாங்க?" என்றார். வழக்கறிஞரிடம் அதை அப்படியே சொன்னேன். மேல்முறையீட்டுக்கு மனு தயார் செய்யச் சொன்னார். அன்று மதியமே உட்கார்ந்தேன்.