சிவப்புத் துணியில் சமோசா எண்ணெய்

என் மேசை இழுப்பறையில் சதுரமான சிவப்புப் பருத்தித் துணி ஒன்று இருக்கிறது. நடுவில் எண்ணெய்க் கறை. ஹைதராபாத்தில் நான் நகரச் செய்தியாளனாக இருந்தபோது, ஆவணக் காப்பகம் ஒன்றின் கண்காணிப்பாளர் அக்கா கொடுத்தது. பழைய மனைப் பதிவுகளை அங்கே இத்தகைய துணிகளில்தான் கட்டி வைத்திருந்தார்கள். தாள்களில் எண் கிடையாது. ஒரு தாளில் பெயர் இருக்கும். அடுத்ததில் மனையின் வரைபடம் மட்டும். இரண்டும் அடுத்தடுத்துக் கிடப்பதுதான் சாட்சி. அதனால் அக்கா தாளை உருவி எடுக்க மாட்டார், புத்தகம்போலப் புரட்டுவார். நாகர்கோவில் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. “எதுக்கு அடுத்து எது கெடக்கோ, அதுதான் தம்பி இதுக்க உயிரு.”

பாலாநகர் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவருக்கு அந்த உயிர் தேவைப்பட்டது. மௌலா அலி பகுதியில் அவர் அப்பாவுக்குக் கிடைத்த மனையை ஆக்கிரமிப்பு என்று சொல்லி, சாலை அகலப்படுத்த நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரம் தேடி அக்கா அந்த இரண்டு தாள்களையும் கண்டுபிடித்தார். இடையில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி, திங்கட்கிழமை நகல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை, மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து மஞ்சள் டி-ஷர்ட் அணிந்த நாற்பது தன்னார்வலர்கள் பதிவறையை ஒழுங்குபடுத்த வந்தார்கள். கீழ்த்தளத்தில் பூங்கொத்தும் உரைகளும். காப்பக இயக்குநர் அக்காவை மேடையிலேயே உட்கார வைத்துவிட்டார். மேலே பதிவறையில் கட்டுகள் அவிழ்ந்தன. சீட்டுகள் குப்பைக் கூடைக்குப் போயின. நான் புகைப்படக்காரருடன் அங்கேதான் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரை இந்தத் துணியை விரித்துப் பிடித்துச் சிரிக்கச் சொன்னேன். படம் எடுத்து முடிந்ததும் ஒருவன் சமோசா தின்ற கையை அதில் துடைத்தான். அதையும் பார்த்தேன்.

அக்கா மேலே வந்ததும் குழுத் தலைவன், கோயம்புத்தூர்ப் பையன், பெருமையாகச் சொன்னான்: “ஸ்கேனருக்கு ஈஸியா இருக்கட்டும்னு எல்லாத்தையும் சைஸ் வாரியா அடுக்கிட்டோமுங்க அக்கா. ரூமே பளிச்சுன்னு ஆயிருச்சு பாருங்க!”

அக்கா பூங்கொத்தைத் தரையில் வைத்தார்.

திங்கட்கிழமை பெயர்த் தாள் கிடைத்தது. வரைபடங்கள் நூற்றுக்கணக்கில், ஒரே அளவில், பெயரில்லாமல் அடுக்கிக் கிடந்தன. லேத் தொழிலாளி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன் மேடம் முடியாது? நீங்கதானே கண்ணால பாத்தீங்க? ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்.”

“பாத்தேன் அண்ணாச்சி. நான் பாத்ததுக்கு சீல் கெடையாது. இன்னொருத்தருக்க மனைய ஒங்க கையில எப்பிடித் தருவேன்?”

இயக்குநர் இதைச் சிறிய அசௌகரியம் என்றார். அந்த நிறுவனத்துக்குக் கேடயமும் கொடுத்தார். என் பத்திரிகை, சிரிக்கும் படத்தை மூன்று பத்தி அகலத்தில் போட்டது. ‘வரலாற்றைக் காக்கும் இளம் கைகள்’ என்ற தலைப்பு என்னுடையது. இன்றும் அதைப் படித்தால் வாயில் கசக்கிறது.

லேத் தொழிலாளியின் வீட்டை இடித்த வாரம் காப்பகத்துக்குப் போனேன். அக்கா இந்தத் துணியை மடித்து நீட்டினார். “போட்டோவுல நல்லா விழுந்திருக்குல்லா. நீங்களே வச்சுக்கிடுங்க.”

அந்தப் பதிவறை இப்போது குளிரூட்டப்பட்டிருக்கிறது. வரவேற்பறையில் அந்தப் படம் சட்டமிட்டுத் தொங்குகிறது. என் துணிக்குள் இரண்டு செய்தி நறுக்குகள். ஒன்று அதே படம். அதற்கு அடுத்தது, மௌலா அலியில் ஆக்கிரமிப்பு வீடு அகற்றம் என்று நானே எழுதிய, யார் பெயரும் இல்லாத நான்கு வரி. தனித்தனியே எடுத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. வரிசை மாறாமல் கட்டி வைத்திருக்கிறேன்.