மலையுச்சியில் தலையாட்டியது

கலிஃபோர்னியா சான் ரமோன் நண்பர்களே, கூட வருவதாக இருந்த முரளி கடைசியில், "லீவ் அப்ரூவ் ஆகலடா, நீ போயிட்டு வா" என்றுவிட்டான். பல்கேரியாவில் தனியாகத்தான் பைக் ஓட்டுகிறேன்.

இன்று ஒரு மலையுச்சிக்குப் போனேன். பழைய சோஷலிச ஆட்சி கட்டிய பிரம்மாண்டமான நினைவுமண்டபம் பூட்டிக் கிடந்தது.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில், "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் ரொட்டியை மூன்றாகப் பிய்த்தார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மூன்றாவது துண்டை என்னிடம் கொடுத்து, "உங்க ஃப்ரெண்டுக்கு" என்றார்.

அடிவாரத்தில் இன்டர்நெட் கடைப் பெண் சொன்ன பிறகுதான் புரிந்தது. இங்கே மேலும் கீழும் தலையாட்டினால் 'இல்லை' என்று அர்த்தமாம்.

ரொட்டி கீபோர்டு பக்கத்தில் இருக்கிறது. சாப்பிட மனசு வரவில்லை. யாராவது வருகிறீர்களா?